கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நலம்தானே? போனில் பேச உட்கார்ந்தால் வாசலில் யாராவது கூப்பிடுகிறார்கள், இல்லையென்றால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. சொல்ல வேண்டியது பாதியில் நின்றுபோகிறது. அதனால் எழுதியே அனுப்புகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் நீ அனுப்பிய படம். சிங்கப்பூரில் உங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே திரிகிற அந்தச் சேவல் யாரோ வளர்த்துத் தொலைத்தது என்று எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலைப் பார், சாம்பல் நிறம். காதோரம் வெள்ளைத் திட்டு. அது சிவப்புக் காட்டுக்கோழி. உலகத்தில் வீடுகளில் வளர்க்கிற கோழிகளுக்கெல்லாம் மூதாதை அதுதான். 2017ல் உங்கள் ஊரில் சின் மிங் பக்கம் சேவல் கூவித் தூக்கம் கெடுகிறது என்று புகார் போய், அரசாங்கம் சில கோழிகளைப் பிடித்துக் கொன்றதும், அதற்கு ஜனங்கள் சண்டைக்கு வந்ததும் உனக்குத் தெரியுமா? சேவல் கூவுவதற்குப் புகார் எழுதுகிற ஊரில் என் மகள் இருக்கிறாள் என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

நம் வீட்டுக் கோழிக் கதைக்கு வருகிறேன். கருப்புப் பெட்டை அடைக்கு உட்கார்ந்துவிட்டது. யார் கிட்டே போனாலும் சிலிர்த்துக்கொண்டு கொத்த வருகிறது. முட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மிதந்ததை ஒதுக்கிவிட்டு, ஒரு வாரத்துக்கு மேல் பழசாகாதவையாகப் பொறுக்கி வைத்தேன். பழைய கூடையில் ஆற்று மணல், அதன்மேல் வைக்கோல். அப்பத்தா சொல்லிக் கொடுத்தபடி ஒரு அடுப்புக்கரியும் இரும்புத் துண்டும் ஓரத்தில் போட்டேன். இடிச் சத்தத்துக்கு முட்டை கெடாமல் இருக்குமாம். இடிக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று தம்பி கேட்கிறான். எனக்கும் தெரியாது. போடுவதில் செலவில்லை, போட்டுவிட்டேன். 21 நாளில் பொரிக்கும். தினம் ஒரு தடவைதான் இறங்கி, அவசர அவசரமாகக் குருணையைக் கொத்திவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்துகொள்கிறது. கோடை முற்றிவிட்டால் அடை வைத்துப் பிரயோசனமில்லை, பாதி முட்டை கூழாகிவிடும். இதுதான் இந்த வருஷத்துக் கடைசி அடை.

முந்தின அடையில் வந்த குஞ்சுகளில் சிலதைப் பருந்து கொண்டுபோய்விட்டது. இப்போது பகலில் பஞ்சாரத்தைப் போட்டு மூடி, மேலே கல் வைத்துவிடுகிறேன். அவற்றுக்குக் கரையான் பிடிக்கிறேன், கேட்டால் உனக்குக் குமட்டும். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் விடியற்காலையில் பானை நிறையக் கரையான். குஞ்சு அதைத் தின்று வளர்கிற வேகம் எந்தக் கடைத் தீவனத்திலும் இல்லை. வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் நான் பாட்டி வைத்தியத்தை நம்புவதில்லை. பிறந்த ஒரு வாரத்துக்குள் கண்ணில் ஒரு சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. அந்த நோய் வந்துவிட்டால் இரண்டே நாளில் கூடு காலி, எந்தக் கீழாநெல்லியும் காப்பாற்றாது.

முட்டை 15 ரூபாய்க்குப் போகிறது. அந்தக் காசு என் சிறுவாடு. அப்பாவுக்குக்கூடக் கணக்குச் சொல்வதில்லை.

சரி, எழுத வந்த விஷயம். தம்பி உனக்கு அனுப்பிய விடுதலைப் பத்திர நகலைப் பார்த்தேன், சொத்தில் உன் பங்கு வேண்டாம் என்று நீ எழுதிக் கொடுக்கிற பத்திரம். "எனக்கு எதுக்கும்மா, அவனே வச்சுக்கட்டும், கையெழுத்துப் போட்டுடறேன்" என்று நீ சொன்னதும் காதில் விழுந்தது. போடாதே. தம்பிமேல் கோபப்பட்டுச் சொல்லவில்லை. அவன் கடன் கேட்டுப் போன இடத்தில் பெண்பிள்ளையின் கையெழுத்தும் வாங்கி வா என்றார்களாம், அவன் வாங்க வந்தான், அவ்வளவுதான்.

எங்கள் காலத்தில் அண்ணன்மார் சீர் செய்தார்கள், நாங்கள் கையெழுத்துப் போட்டோம். கேள்வி கேட்கிற வழக்கமே கிடையாது. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989ல். அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது இல்லை என்று எழுதியிருந்ததால் எனக்கு அது பொருந்தவுமில்லை. 2005ல் நாடு முழுக்க வந்தது. அதிலிருந்த குழப்பத்தையும் 2020ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆனால் வக்கீல் சொல்வது வேறு. நம்முடைய நிலமும் வீடும் உங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியவை. அவருக்குப் பிறகு அப்பா பங்குக்கு வந்ததால் அது அப்பாவுடைய தனிச் சொத்து என்பது அவர் கணக்கு. அப்படியென்றால் இன்றைக்கு நீ விட்டுக்கொடுக்க உன் கையில் ஒன்றுமே இல்லை. இல்லாததை எதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும்?

அந்தச் சம்பாத்தியம் எங்கே வந்தது தெரியுமா? நீ தினம் வேலைக்குப் போகிற ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கத்தில்தான். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. ஒரே கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியை வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து வட்டித் தொழில் செய்வார்கள், ராத்திரி அங்கேயே பாயை விரித்துப் படுப்பார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட ஊரிலிருந்து கூட்டிப்போன ஆட்களில் ஐயாவும் ஒருவர். ஊருக்குத் திரும்பி வந்து இரண்டு ஏக்கர் வாங்கினார். எழுபதுகளின் கடைசியில் அந்தக் கிட்டங்கிகளையெல்லாம் இடித்துவிட்டார்கள். போன தடவை நான் வந்தபோது அந்தத் தெருவில் நின்று பார்த்தேன், கண்ணாடிக் கட்டடங்கள்தான். ஐயா கும்பிட்ட டேங்க் ரோடு தண்டாயுதபாணி மட்டும் அதே இடத்தில் இருக்கிறார்.

அவருக்குச் சம்பளம் கொடுத்தவர்களின் வீடு நம் தெருக்கோடியில் இருக்கிறதே, அது இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசிய சுவர். இத்தனை வருஷம் கழித்தும் அந்தச் சுவர் முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கிறது. (அந்த ஒரு சுவருக்கு எத்தனை கோழிகள் முட்டையிட்டிருக்க வேண்டும் என்று நினைத்துப் பார்ப்பேன்.) ஆனால் வருஷம் பூராவும் பூட்டுத்தான். தலைமுறைக்குத் தலைமுறை பங்கு கிளைத்து, இப்போது ஆளுக்கு ஓர் அறைகூடச் சரியாக வராது. ஒருவர் அமெரிக்கா, ஒருவர் சென்னை, ஒருவர் மலேசியா. ஓடு மாற்றக்கூட எல்லோரும் சம்மதிக்க வேண்டும். விற்கவும் முடியாது, இருக்கவும் முடியாது. இப்படிப் பூட்டிக் கிடந்து கடைசியில் பிரித்த வீடுகளின் நிலையும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளாக நிற்கின்றன. பணம் குறைந்துபோய் அந்த வீடுகள் அழியவில்லை. பெரியவர்கள் இருக்கும்போதே யாருக்கு எது என்று எழுதி வைக்காததுதான் காரணம் என்பது என் எண்ணம். பங்காளிகள் யாராவது இதைப் படித்தால் சண்டைக்கு வருவார்கள்.

அதனால் அப்பாவை உட்கார வைத்துப் பேசிவிட்டேன். விடுதலைப் பத்திரம் வேண்டாம், அவரே இப்போது தம்பிக்கு ஒரு செட்டில்மென்ட் பத்திரமும் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுப்பது), உனக்கு ஓர் உயிலும் எழுதுகிறார். ரோட்டை ஒட்டிய ஏக்கர் தம்பிக்கு, அவன் அதில்தான் ஷெட் போடப் போகிறான். கிணற்றோடு இருக்கிற ஏக்கர் அப்பாவுக்குப் பிறகு உனக்கு; வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விவசாய நிலத்தை இப்போதே தானமாக எழுதிக் கொடுக்க முடியாது, வாரிசாக வந்தால்தான் உண்டு. வீடு இருவருக்கும் பொதுவில் வேண்டாம், அது தம்பிக்கே. அதற்கு ஈடாக நகையில் உனக்குக் கூடுதலாக வைத்திருக்கிறேன். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத்தாள் 1 சதவீதம்தான், அதுவும் 40,000 ரூபாய்க்கு மேல் போகாது. எங்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வரியையும் சேர்க்கச் சொன்னார் வக்கீல். 2007ல் வந்த மூத்த குடிமக்கள் சட்டப்படி, அப்படி எழுதியிருந்து பிள்ளைகள் கவனிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாமாம். அப்பாவுக்குச் சங்கடமாக இருந்தது. எனக்கு இல்லை. வீட்டிலும் கொல்லையிலும் எனக்கு ஆயுள் வரை அனுபவ உரிமை என்றும் எழுதச் சொல்லியிருக்கிறேன். கொல்லையை விட்டுவிட்டால் கோழிக்கூடு எங்கே போகும்?

நிலத்தை வைத்து நான் அங்கிருந்து என்ன செய்வேன் என்று கேட்காதே. உன் கைக்கு வரும்போது குத்தகைக்கு விடு, தம்பியே உழட்டும், வருஷா வருஷம் நெல்லோ பணமோ கொடுக்கட்டும். உன் பெயரில் இருக்கட்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

புத்தக அலமாரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பழைய குமரி மலர் இதழ்கள், ஏட்டுச் சுருணை போலாகிவிட்ட பஞ்சாங்கங்கள், உன் பள்ளிக்கூடப் பரிசுப் புத்தகங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் அப்பா. கோட்டையூர் ரோஜா முத்தையா காரைக்குடியில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். மற்றவர்கள் குப்பை என்று தள்ளிய நோட்டீஸ், நாடகப் பாட்டுப் புத்தகம்வரை சேர்த்து வைத்தார். 1992ல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அத்தனையையும் வாங்கி, கடல் கடத்தாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. அதைச் சொன்னதும் அப்பா வாயை மூடிக்கொண்டார். நம்முடையது ஒரே ஓர் அலமாரி, அதற்குச் சிகாகோவிலிருந்து யாரும் வரப்போவதில்லை. சின்னவளுக்குத் தமிழ் படிக்க வருகிற அன்றைக்கு அது அவளுக்கு. இதற்குப் பத்திரம் வேண்டாம்.

என்னை மறுபடியும் அங்கே கூப்பிட்டாய். விக்டோரியா தெரு நூலகத்துத் தமிழ்ப் பகுதிக்காகவே வரலாம், அந்த ஏசியில் உட்கார்ந்து படிப்பது தனிச் சுகம்தான். ஆனால் இந்தத் தடவை நீங்கள் வாருங்கள். ஜூன் பள்ளி விடுமுறையில் திருச்சிக்கு நேர் விமானத்தில் ஏறினால் நாலரை மணி நேரம், அங்கிருந்து கார் இரண்டு மணி நேரம். பதிவு அலுவலகத்துக்கு நீயே நேரில் வந்து, பத்திரத்தையும் உயிலையும் படித்துப் பார். வெறும் நகலைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் வேண்டாம்.

வரும்போது ஒன்றே ஒன்று எடுத்து வா. அப்பாவுக்குக் கோடாலித் தைலம் இரண்டு பாட்டில். மைலோ வேண்டாம், போன தடவை வாங்கி வந்ததே இன்னும் டப்பாவில் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா