மார்கழிப் பயணம் பற்றி மகளுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். மார்கழி விடுமுறையில் நீ கம்போடியாவுக்குப் போய், சியெம் ரீப் நகரில் உள்ள ஓர் அநாதைச் சிறுவர் இல்லத்தில் நான்கு வாரம் தொண்டு செய்ய ஏற்பாடு செய்திருப்பதையும், அதற்காக ஒரு முகவருக்குப் பணம் கட்டிவிட்டதையும் தங்கச்சி சொல்லித்தான் அறிந்தேன். அப்பாவிடம் சொன்னால் மறிப்பார் என்று நினைத்திருப்பாய். மறிக்கத்தான் எழுதுகிறேன். மாசிக்குப் பிறகு தொலைபேசியில் உன்னோடு எதையும் ஆறுதலாகப் பேச முடிவதில்லை. அம்மா எடுத்தாலும் வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிடுகிறாய். அதைப் பற்றி நான் இங்கு எழுதவில்லை. இல்லத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உன் இரக்க குணத்தில் எனக்குப் பெருமை உண்டு. 2004 மார்கழியில் கடல் வந்த பிறகு, நாவலடிச் சனங்கள் தங்கியிருந்த பாடசாலைக்கு உன் உடுப்புகளையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தைப்பொங்கலன்று பள்ளிச் சட்டையோடு நின்றவள் நீ. இன்று மெல்பேர்னில் இயன்மருத்துவராக நிற்கிறாய் என்றால் அந்தக் குணத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால் நன்னடத்தை உத்தியோகத்தரின் பிள்ளையாக வளர்ந்த நீ, இந்தக் காரியத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா? என் உத்தியோக காலம் முழுவதும் சிறுவர் இல்லங்களுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையிலேயே கழிந்ததை நீ அறியாதவளல்ல.

கடல் வந்த பிறகு எங்கள் மாவட்டத்தில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் மிகப் பலரை உறவினர்களே ஏற்றுக்கொண்டார்கள். தாய்வழியாகக் குடி பார்க்கும் எங்கள் ஊர்களில் தாயின் சகோதரி வீடு ஒரு பிள்ளைக்கு அந்நிய வீடல்ல. 2005ஆம் ஆண்டின் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டமும் அப்படி வளர்ப்பவர்களுக்கு ஓர் இடத்தைக் கொடுத்தது. அப்படியிருந்தும் புதிது புதிதாக இல்லங்கள் எழும்பின. வெளிநாட்டிலிருந்து பணம் வந்து கட்டடம் எழும்பிய பிறகு, அதை நிரப்பப் பிள்ளைகளைத் தேடினார்கள். அங்கு சேர்ந்தவர்களில் பலருக்குத் தாய் உயிரோடு இருந்தாள்; யுத்தத்தில் கணவனை இழந்து, படுவான்கரையில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைக்கு மூன்று நேரச் சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்று சொன்னதை நம்பிக் கையெழுத்து வைத்தவள் அவள். அவள் கையில் கொடுத்திருக்க வேண்டிய உதவி கட்டடத்துக்குப் போயிற்று.

வாவிக்கரையில் ஓர் இல்லம் இருந்தது, பெயர் வேண்டாம். அங்கே ஐந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். விடுமுறைக்கு வரும் வெள்ளைக்கார இளைஞர்களும் புலம்பெயர்ந்த எங்கள் பிள்ளைகளும் அவனைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், படம் எடுப்பார்கள், அடுத்த வருடமும் வருவோம் என்று சொல்லிப் புறப்படுவார்கள். முதலில் ஒவ்வொரு முறையும் அவர்கள் போகும் வாகனத்தின் பின்னால் ஓடி ஓடி அழுதான். பிறகு அழுகை நின்றுவிட்டது. அதன் பின்னர் படலைக்குள் யார் வந்தாலும், முகத்தைக்கூடப் பாராமல், ஓடிப்போய் மடியில் ஏறினான். வந்தவர்கள் எவ்வளவு பாசமான பிள்ளை என்று வியந்தார்கள். வீட்டில் வளரும் பிள்ளை அந்நியரைக் கண்டால் தாயின் சேலைக்குள் ஒளியும், மகள். ஒளிய ஆளில்லாத பிள்ளைதான் கண்டவரிடமெல்லாம் ஓடும். அப்படி ஓடப் பழகிய பிள்ளையைக் கெட்டவன் ஒருவன் கூட்டிப்போக அதிக நேரம் தேவையில்லை என்பதையும் நான் வழக்குகளில் கண்டிருக்கிறேன்.

கம்போடியா வேறு என்று நீ சொல்லக்கூடும். வேறல்ல. யுனிசெப் உதவியோடு அங்கே செய்யப்பட்ட ஆய்வொன்று 2011இல் வெளிவந்தபோது, இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பது தெரியவந்தது. 2005இலிருந்து ஐந்து ஆண்டுகளில் இல்லங்களின் தொகை 75 வீதத்தால் கூடியிருந்தது. வெளிநாட்டுக் கொடையாளரும் பயணிகளும் கொடுத்த பணம் அதற்கு ஒரு முக்கிய காரணம். நீ குடியிருக்கும் நாட்டின் பாராளுமன்றக் குழுவே, நவீன அடிமைத்தனம் பற்றிய தன் 2017ஆம் ஆண்டு அறிக்கையில், அநாதை இல்லங்களை நிரப்பப் பிள்ளைகள் கடத்தப்படுவதைத் தனி அத்தியாயமாக எழுதியது. 2019 மார்கழியில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையும் இத்தகைய தொண்டுப் பயணங்களால் பிள்ளைகளுக்கு வரும் தீங்கைத் தன் தீர்மானத்தில் குறிப்பிட்டது. கட்டிய பணம் எங்கே போகும் என்று அந்த முகவரிடம் கேட்டாயா? அவுஸ்திரேலியாவில் பிள்ளைகளோடு வேலை செய்ய உன்னிடம் எத்தனை சான்றுகள் கேட்டார்கள்! அங்கே பணம் கட்டினால் போதும் என்றால், பணமுள்ள எவரும் அந்தப் பிள்ளைகள் படுக்கும் இடம் வரை போகலாம் என்றுதானே பொருள்?

ஆகவே போகாதே. கட்டிய பணம் போனால் போகட்டும். தொண்டு செய்யத்தான் வேண்டுமென்றால் உன் தொழிலைக் கொடு. நடக்க மாட்டாத பிள்ளையை எப்படி இருத்துவது, எப்படித் தூக்குவது, எப்படி ஊட்டுவது என்று காட்டித்தர ஒருவரும் இல்லாததால் பிள்ளையை இல்லத்தில் விட்ட தாய்மாரை நான் அறிவேன். அவர்களுக்கும் உள்ளூர்ப் பணியாளர்களுக்கும் அதைப் பழக்கு; அவர்கள் அங்கேயே இருப்பவர்கள், நீ திரும்பிய பிறகும் அது பிள்ளைக்குப் பயன்படும். நான்கு வாரத்துக்கென்று ஒரு பிள்ளையை மடியில் வைத்திருக்கப் போகாதே. அந்தப் பிள்ளைக்கு அது நல்லதல்ல. இறக்கிவிட்டு வருவது இப்போது உனக்கும் ஆகாது.

மார்கழியில் லீவு கிடைத்திருப்பது உண்மையானால் மருமகனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. மழைக்காலம், ஒரு இடமும் போக வேண்டியதில்லை, நீ பாட்டுக்குப் படுத்துக் கிடக்கலாம். அம்மா ஒன்றும் கேட்கமாட்டாள், அவளிடம் சொல்லியிருக்கிறேன். மாமாங்கக் கோயிலுக்கு வைத்த நேர்த்தியைப் பற்றியும் உன் முன்னால் பேசுவதில்லை என்று உடன்பட்டிருக்கிறாள். விமானச் சீட்டுப் பதிந்தால் தங்கச்சிக்கல்ல, எனக்கு அறிவி.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா.