20ஆம் வார ஸ்கேனோடு முடிந்துவிடுவதில்லை

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு தங்கள் பத்திரிகையில் வந்த கர்ப்பகால ஸ்கேன் பற்றிய கட்டுரையைப் படித்தால், 20ஆம் வாரத்தில் எல்லாக் குறைபாடுகளும் தெரிந்துவிடும் என்றே தோன்றும். வயிற்றுச் சுவர் மூடாமல் குடல் வெளியே நிற்பது அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும், சரி. சிறுகுடலின் தொடக்கம் அடைபட்டிருந்தால் கதை வேறு. இரைப்பையும் அடுத்த பகுதியும் நீர் தேங்கி இரண்டு குமிழிகளாகத் தெரிவது பல வேளைகளில் 24 வாரத்துக்குப் பிறகுதான். குழந்தை விழுங்கும் நீர் கீழே இறங்காததால் பனிக்குட நீரும் கூடி, தாயின் வயிறு அளவுக்கு மீறிப் பெருக்கலாம்.

என் மச்சாளின் மகளுக்கு முதல் ஸ்கேனில் ஒரு குறையும் சொல்லவில்லை. பிறகு கிளினிக்கில் மருத்துவிச்சி நாடாவால் வயிற்றை அளந்தபோது, வாரக் கணக்கை மிஞ்சி நின்றது. ‘பெரிய பிள்ளையாக்கும்’ என்று வீட்டார் மகிழ்ந்தார்கள். அவரோ மறு ஸ்கேனுக்கு அனுப்பினார். அடைப்பு முன்கூட்டியே தெரிந்ததால், குழந்தை அறுவைச் சிகிச்சை வசதிக்கு அருகிலேயே பிறந்தது. வாய்வழி பால் கொடுக்காமல் உடனே கவனித்தார்கள். எனவே 20ஆம் வார அறிக்கையிலேயே, ‘குடல் அடைப்பு பின்னரும் தெரியவரலாம்; வயிறு அளவுக்கு மீறினால் மறுபடி ஸ்கேன் செய்க’ என ஒரு வரியைச் சுகாதார அமைச்சு சேர்க்கச் செய்யலாம்.

வாசகி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13