எதிர்முனையில் நின்றவருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய சந்தர்பால் அவர்களுக்கு,

இன்று ஏப்ரல் 18. ஆண்டுதோறும் இந்த நாளில் கிரிக்கெட் எழுதுகிறவர்கள் மேற்கிந்தியத் தீவுகள் அணியின் பிரயன் லாராவைக் கொண்டாடுகிறார்கள். 1994இல் ஆண்டிகுவாவில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் எடுத்த 375 ரன்கள் மறுபடியும் அச்சேறுகின்றன. கொண்டாடட்டும், அந்த ஆட்டத்துக்கு அது தகும். நான் எழுதுவது அன்று அவருக்குத் துணையாக எதிர்முனையில் நின்று ஆடிய பத்தொன்பது வயது இளைஞருக்கு, உங்களுக்கு. வெகு காலமாகத் தள்ளிப்போட்டு வந்த கடிதம் இது. பலர் கண்ணில் படும் இடத்தில் எழுதுவதால் சில இடங்களில் சொல்லை அளந்துதான் வைக்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பிறந்த கயானாவின் யூனிட்டி கிராமத்தைப் பற்றியும், உங்கள் தந்தை உங்களை உருவாக்கிய விதத்தைப் பற்றியும், பந்துவீச்சாளருக்கு நெஞ்சைக் காட்டி நிற்கும் அந்த நிலையைப் பற்றியும் உங்களிடமே விவரித்துக்கொண்டிருக்கப் போவதில்லை. அந்தத் திங்கட்கிழமைக் காலை மட்டும் என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. லாரா 320இல் இருந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். 1958இல் கிங்ஸ்டனில் சோபர்ஸ் எடுத்து உலக சாதனையாக நின்ற 365ஐத் தாண்ட இன்னும் 46 ரன்கள் வேண்டும். லாராவிடம் அன்று பதற்றம் தெரிந்தது என்றும், எதிர்முனையில் இருந்த நீங்கள்தான் அவரை நிதானப்படுத்தினீர்கள் என்றும் சொல்வார்கள். உங்களுக்கு அது நான்காவது டெஸ்ட். நான்கிலுமே அரைச்சதம் கண்டவர் என்றாலும், உலக சாதனையை நெருங்கும் ஒருவரைத் தேற்றுகிற வயதா அது? கிறிஸ் லூயிஸ் குத்தி எறிந்த பந்தை லாரா சுழன்று அடித்தபோது அவருடைய கால் ஒரு ஸ்டம்பில் உரச, விழுந்தால் ஆட்டமிழந்திருப்பார் என்கிற பெயில், ஸ்டம்பின் மேலிருக்கும் அந்தச் சிறு கட்டை, அசைந்து விழாமல் தங்கியது. பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியதும் கூட்டம் உள்ளே பாய்ந்தது. சோபர்ஸ் நடந்து வந்து அணைத்தார். லாரா குனிந்து ஆடுகளத்தை முத்தமிட்டார். கேமரா அவரையே சுற்றிச்சுற்றி வருகிறது. உங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 219 ரன் கூட்டணியில் பாதிப் பங்காளி நீங்கள். லாரா ஆட்டமிழந்து, 593க்கு ஐந்து விக்கெட் என்று டிக்ளேர் செய்தபோது நீங்கள் ஆட்டமிழக்காமல் 75.

அந்தக் காலையை நினைக்கும்போதெல்லாம் 2015 கூடவே வந்துவிடுகிறது. லாராவின் டெஸ்ட் ரன்கள் 11,953. உங்களுடையவை 11,867. இடைவெளி 86. அவரைத் தாங்கி நின்ற முனையிலிருந்து அவரையே கடந்து செல்ல உங்களுக்குத் தேவைப்பட்டது இரண்டு டெஸ்ட்கள். ஆஸ்திரேலியா வந்து ஆடியதும் இரண்டே டெஸ்ட்கள்தான். உங்களை எடுக்கவில்லை. சொந்த மக்கள் முன் ஆடி விடைபெற விரும்புகிறேன் என்று நீங்கள் கேட்டும் எடுக்கவில்லை. அது தவறு என்று லாராவே வெளிப்படையாகச் சொன்னார்.

முடிவெடுத்தவர்களைப் பற்றி இங்கே நான் அடக்கமாகவே பேசுவேன். தேர்வுக்குழுத் தலைவராக இருந்தவர் கிளைவ் லாயிட். அவருடைய தகுதியை எடைபோட நான் யார்? அவர்கள் கையிலும் கணக்கு இருந்தது. அதற்கு முந்தைய இங்கிலாந்துத் தொடரில் ஆறு இன்னிங்ஸில் 92 ரன்கள். உங்களுக்கு வயது நாற்பது. அந்த ஆஸ்திரேலியத் தொடரின் முதல் டெஸ்டில், ரோசோவில் அறிமுகமான ஷேன் டவுரிச் இரண்டாவது இன்னிங்ஸில் 70 எடுத்தார் என்பதையும் மறைக்கவில்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், அந்த டெஸ்ட் மூன்று நாளில் தோல்வியில் முடிந்ததைப் பார்த்தபோது, யாருக்காக இடத்தைக் காலி செய்தார்கள் என்றே எனக்குக் கேட்கத் தோன்றியது. 164 டெஸ்ட் ஆடியவரை, அந்தத் தீவுகளில் வேறெவரும் அத்தனை டெஸ்ட் ஆடியிராதபோது, ஓர் அறிக்கையோடு அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. 2007இல் லாரா ஓய்வுபெற்ற பிறகு பேட்டிங் வரிசையில் மூன்றாம் இடத்தில் நின்று ஆட ஆளில்லாமல் அணி தவித்தது. அந்த அணியிலேயே உறுதியான தடுப்பாட்டம் உங்களுடையது. நீங்களோ பெரும்பாலும் ஐந்தாம் இடத்திலேயே இருந்துவிட்டீர்கள். ஆடக் கடினமான புதுப்பந்தை இருபது வயதுப் பையன்கள் சந்தித்து வீழ்ந்தார்கள். நீங்கள் கடைசிவரை நின்று, பதினோராம் ஆளும் போன பிறகு, ஆட்டமிழக்காதவராகத் திரும்பி நடந்த நாட்கள் பல. டெஸ்ட்களில் மொத்தம் 49 முறை நீங்கள் ஆட்டமிழக்கவில்லை. ஓவரின் தொடக்கத்திலேயே ஒரு ரன் ஓடி, கீழ்வரிசை ஆட்டக்காரரைப் பந்துவீச்சாளரிடம் விட்டுவிட்ட நாட்களும் உண்டு. உங்களை நேசிப்பவர்கள் இதைப் பேசுவதில்லை. நேசிப்பதால்தான் பேசுகிறேன், பேசியதற்கு மன்னியுங்கள். முப்பது ரன்னுக்கு மூன்று விக்கெட் என்கிற அணியில் ஐந்தாம் ஆளுக்கும் பந்து புதிதாகத்தானே இருந்திருக்கும் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இருந்தாலும் கேள்வி போகவில்லை.

வேகமாக ஆடத் தெரியாதவர் என்று யாராவது சொன்னால் மட்டும் எனக்குப் பொறுக்காது. 2003இல் உங்கள் சொந்த மண்ணான போர்டாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 69 பந்தில் சதம் அடித்தவர் யார்? 2008இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில், இலங்கைக்கு எதிராகக் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன்கள் தேவைப்பட, சமிந்த வாஸின் பந்துகளை நான்குக்கும் ஆறுக்கும் அனுப்பியவர் யார்? அதே ஆண்டு கிங்ஸ்டனில் பிரெட் லீயின் பவுன்சர் ஹெல்மெட்டின் பின்பக்கம் தாக்கி நீங்கள் தரையில் அசைவற்றுக் கிடந்தீர்கள். ஆஸ்திரேலியர்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். பிறகு எழுந்தீர்கள், 118 எடுத்தீர்கள். அந்த 118ஐ நினைத்தால் மேலே எழுதிய பத்தியை அடித்துவிடலாமா என்றிருக்கிறது. அடிக்கப் போவதில்லை. இரண்டும் நீங்கள்தான்.

உங்கள் மகன் டேஜ்நரைன் தொடக்க ஆட்டக்காரராக வந்தது எனக்குத் தனிப்பட்ட ஆறுதல். 2023 பிப்ரவரியில் ஜிம்பாப்வேயின் புலவாயோவில் சக தொடக்க ஆட்டக்காரர் பிராத்வெய்ட்டோடு சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 336 ரன்கள். அவர் ஆட்டமிழக்காமல் 207. உங்கள் உச்சமான 203ஐ அன்று தாண்டினார். புதுப்பந்தை உங்கள் வீட்டிலிருந்தே ஒருவர் சந்திக்கிறார். அவருக்கு அந்த இடத்தை நீங்கள்தான் தேர்ந்து கொடுத்தீர்களா என்பது எனக்குத் தெரிய வேண்டும். எப்போதாவது பேட்டி கொடுக்கும்போது சொல்லுங்கள்.

2022இல் உங்களை சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐசிசி) சிறந்த வீரர்கள் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். நல்லது, மகிழ்ந்தேன். அதைக் கொண்டு அந்த 86 ரன் குறை நேராகிவிட்டது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு நேராகவில்லை. உங்களுக்கு மனம் ஆறியிருக்கலாம், அது உங்கள் பெருந்தன்மை. என்னையும் ஆறச் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்