தாய்மாமன்மார் என்று அச்சடித்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

போன தை மாதம் எங்கள் குலதெய்வம் கோயிலில் என் தங்கை மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். வந்தவர்கள் சாப்பிட்டு, மொய் எழுதி, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். யாரிடமும் நின்று நாலு வார்த்தை பேச எனக்கு முடியவில்லை. பத்து நாள் லீவு தீர்ந்து அயர்லாந்துக்குத் திரும்பிவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களில் சிலருக்குத் தமிழ் வாசிக்க வராது. அவர்களுக்கு என் துணைவர் மலையாளத்தில் வாசித்துக் காட்டுவார்.

நான் தன்பாலீர்ப்பாளன். கோயிலுக்கு வந்தவர்களுக்கு இது தெரியும், தெரிந்துதான் வந்தீர்கள். என் நன்றி அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

முதலில் கொழிஞ்சாம்பாறை அச்சகக்காரருக்கு. பத்திரிகை மாதிரியை என் தங்கை கொடுத்தபோது ‘தாய்மாமன்மார்’ என்று எழுதி, கீழே என் பெயரையும் என் துணைவர் பெயரையும் போட்டிருந்தாள். சாயந்திரம் அவர் போன் பண்ணினாராம். “டீச்சர், ரெண்டாவது பேரு மலையாளப் பேரா இருக்குது. முறை என்னங்க? தப்பாயிடக் கூடாதுன்னு கேக்குறனுங்க.” தங்கை, “தப்பு இல்லீங்க. ரெண்டு பேரும் மாமன்தான், அப்படியே அடிங்க” என்றிருக்கிறாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பிறகு, “சரிங்க, அப்ப ரெண்டு பேரையும் ஒரே அளவு எழுத்துல போட்டர்றேன்” என்றாராம். ஐயா, முதல் மாதிரியில் அவர் பெயர் கொஞ்சம் சின்னதாக இருந்தது. யாரும் கேட்காமலே நீங்கள் சரி செய்தீர்கள். அந்தப் பத்திரிகை ஒன்றைச் சட்டம் போட்டு இங்கே சமையலறையில் மாட்டியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி எல்லாம் பாலக்காடு மாவட்டம். ரேஷன் கடைப் பலகை மலையாளம், அடுப்படி தமிழ். காய்கறிக்கும் கல்யாணத்துக்கும் கோயமுத்தூர், பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் கேரளத்துச் சித்தூர். ஆழியாற்றிலிருந்து தண்ணீர் விட்டால்தான் எங்கள் தென்னைக்கு உயிர். இப்படி இரண்டு பக்கமும் காலை வைத்து வளர்ந்த எனக்கு, என்னைப் பற்றிச் சொல்ல இரண்டு மொழியிலும் ஒரு சொல் இல்லை. இருந்ததெல்லாம் வசவு. அதை நான் முதலில் கேட்டது ஏழாம் வகுப்பில். எனக்காகச் சொன்னதுகூட இல்லை, வேறொரு பையனுக்காக.

2013 டிசம்பர் 11. திருச்சூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவிலிருந்து டெல்லி உயர் நீதிமன்றம் 2009-இல் எங்களை விடுவித்திருந்தது. அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. வெள்ளைக்காரன் 1860-இல் எழுதி வைத்த சட்டம் மறுபடி எங்கள் தலைமேல். டியூட்டி அறை டிவியில் அது ஓடிக்கொண்டிருந்தது. நான் மருந்து டிரேயைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அப்போது அங்கிருந்த சீனியர் சேச்சி, நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினீர்கள். உங்கள் பொதிச்சோற்றைப் பிரித்துப் பாதியை வாழையிலையோடு கிழித்து என் பக்கம் தள்ளினீர்கள். “கழிக்கு மோனே” என்றீர்கள். சாப்பிடு மகனே என்று. உங்களுக்குத் தெரியும் என்று எனக்கும் புரிந்தது. பன்னிரண்டு வருஷம் ஆகியும் அந்த வாட்டிய இலை வாசம் மறக்கவில்லை.

அடுத்த வருஷம் வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள். அப்பா எழுந்து தோப்புக்குப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மூன்று மாதத்தில் மாற்றிவிடலாம் என்று அவர் அம்மாவிடம் உறுதி சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட ஒன்றுக்கு மாத்திரை எழுதினார். நான் நர்ஸ். அது என்ன மாத்திரை என்று சீட்டைப் பார்த்ததுமே தெரிந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கினேன். டியூட்டியில் நின்றபடியே தூங்கினேன். நோயாளி ஒருவருக்கு டோஸ் தப்பாகப் போகப் பார்த்தது. அன்றோடு நிறுத்திவிட்டு வளைகுடாவுக்கு விசா வாங்கினேன்.

இனி வருவது வளைகுடாவில் என் அறைத்தோழராக இருந்த மலப்புறத்து இக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு. நீங்கள் இன்னும் அந்த நாட்டில்தான் வேலை செய்கிறீர்கள். இந்த மடலில் நான் ஒரு பெயரும் போடாததற்கு நீங்கள்தான் காரணம். அங்கே என்னைப் போன்றவன் பிடிபட்டால் ஜெயில். நமக்கு ஒரே அறை, இரண்டு கட்டில். சார்ஜில் கிடந்த என் போனில் ஒரு நாள் ஒரு செய்தி வந்து மின்னியதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். எனக்குக் கை காலெல்லாம் நடுங்கியது. நீங்கள் போனைக் கவிழ்த்து வைத்து, “ஞான் ஒன்னும் கண்டிட்டில்லா” என்றீர்கள். நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று. அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு இருட்டில் இன்னொன்றும் சொன்னீர்கள். உங்கள் நம்பிக்கைப்படி இது சரியில்லை, ஆனால் என் பெயர் உங்கள் வாயிலிருந்து ஒருநாளும் வெளியே போகாது என்று. அறையில் வேறொருவன் கிசுகிசுக்க ஆரம்பித்தபோது அவனை வேறு அறைக்கு மாற்ற வைத்தீர்கள். வெள்ளிக்கிழமை பிரியாணியில் முட்டை எப்போதும் எனக்குத்தான் வந்தது. உங்களிடம் விவாதம் பண்ண எனக்கு என்றும் தோன்றியதில்லை. நான்கு வருஷம் உயிரோடும் மானத்தோடும் இருந்தேன். நீங்கள் வாயைக் கட்டிக்கொண்டதால் கிடைத்தது அது.

கேரளக்காரர்கள் பரவாயில்லை, வெளிநாடு இன்னும் பரவாயில்லை, நம் ஆட்கள்தான் மோசம் என்று என்னிடம் பலர் சொல்வார்கள். என் வாழ்க்கை அப்படி நடக்கவில்லை. சட்டம் மிகக் கடுமையாக இருந்த நாட்டில் எனக்கு இக்கா கிடைத்தார். எந்தப் போலீஸும் எட்டிப் பார்க்காத என் சொந்த வீட்டில் எனக்கு மாத்திரை கொடுத்தார்கள். 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் 377-இன் பிடியிலிருந்து எங்களை விடுவித்தபோது நான் பாலைவனத்தில் ஓர் அறைக்குள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சத்தம் வராமல் அழுதேன். இக்கா தூங்குவதுபோலப் படுத்திருந்தார்.

2019-இல் அயர்லாந்து வந்தேன். அப்போது இங்கே பிரதமர் லியோ வரத்கர். மும்பையிலிருந்து வந்த டாக்டரின் மகன். தான் தன்பாலீர்ப்பாளர் என்று 2015 ஜனவரியில் வானொலியில் சொன்னவர். அதே வருஷம் மே மாதம் ஊரே வரிசையில் நின்று வாக்களித்து, 62 சதவீதம் பேர் சம்மதம் சொல்லி, எங்களைப் போன்ற இருவர் மணந்துகொள்ளச் சட்டம் வந்த நாடு. இவர்கள் பிறவியிலேயே இப்படி என்று நினைத்திருந்தேன். என் முதல் வேலை ஒரு முதியோர் இல்லத்தில். தினமும் ஒரு பாட்டிக்குக் கால் புண்ணுக்குக் கட்டுப் போடுவேன். பழைய துணியை உப்புத் தண்ணீரால் நனைத்து நனைத்து எடுக்க அரை மணி நேரம் ஆகும், அந்த அரை மணியும் பேசுவார். இந்த நாட்டிலும் 1993 வரை அது குற்றம். அவருடைய மகன் எண்பதுகளில் லண்டனுக்குப் போய்விட்டான். பத்து வருஷம் அவனுக்குக் கடிதமே போடவில்லை என்றார். 2015-இல் வாக்குப் போட வாக்கரைத் தள்ளிக்கொண்டு போனாராம். அதைச் சொல்ல மகன் உயிரோடு இல்லை. “உன் அம்மாவுக்கு நேரம் கொடு. ஆனால் என் அளவுக்கு இழுத்துவிட வேண்டாம் என்று அவளிடம் சொல்” என்றார். அன்று இரவே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அம்மா அந்தப் பாட்டியின் கால் புண் ஆறிவிட்டதா என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கேட்டாள். பாட்டி இப்போது இல்லை. அவருக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு.

அப்பா ஏழு வருஷம் என்னிடம் மோட்டாரையும் தேங்காய் விலையையும் தவிர வேறு பேசியதில்லை. 2021 ஜூனில், கொரோனா சமயம், அவரே போன் பண்ணினார். மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்கள் வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த தீர்ப்பைப் பேப்பரில் படித்திருக்கிறார். தனக்கு இதைப் பற்றிச் சரியாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டு, அதன்பின் தீர்ப்பு எழுதினவர் அவர். மருந்து கொடுத்து மாற்றும் வேலையைத் தடை செய்தார். அப்பா ஒவ்வொரு வரியாக எனக்கு வாசித்தார். முடித்துவிட்டு, “ஒரு ஜட்ஜே எனக்குத் தெரியலன்னு சொல்றாரு. எனக்கு எப்புடிறா தெரியும்?” என்றார். குரல் உடைந்துவிட்டது. அம்மா அந்தப் பழைய மருந்துச் சீட்டைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தாளாம். அன்றைக்கே அடுப்பில் போட்டதாகத் தங்கை பிறகு சொன்னாள். நீதிபதி ஐயா, உங்கள் உத்தரவு மாநில எல்லையான வாளையாறு தாண்டிச் செல்லாது என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்லலாம். எங்கள் வீட்டு அடுப்பு வரை வந்தது.

அடுத்த வருஷம் தமிழக அரசு எங்களைக் குறிக்க மரியாதையான சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. தமிழ் டீச்சரான என் தங்கை அதை அச்செடுத்து அப்பாவுக்குக் கொடுத்தாள். அதே 2022 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் ஆதிலா, நூரா என்ற இரண்டு பெண்களைச் சேர்ந்து வாழ விட்டது. மலையாள டிவியில் அதைப் பார்த்த அமுச்சிக்கு, அம்மாவைப் பெற்றவளுக்கு, எண்பத்து நான்கு வயது. எல்லாம் தெரிந்துகொண்டு என்னிடம் போனில் கேட்டது ஒன்றுதான். “அந்தப் பையன் சமைப்பானா கண்ணு? ரெண்டு பேரும் நேரத்துக்குச் சோறு திங்கிறீங்களா?” சமைப்பார் என்றேன். “அப்பறமென்ன, போச்சாது உடு” என்றாள். போன ஐப்பசியில் அமுச்சி போய்ச் சேர்ந்தாள். காதுகுத்தைப் பார்க்கவில்லை.

2023 அக்டோபர் 17-இல் எங்களைப் போன்றவர்கள் திருமணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னபோது நாங்கள் இங்கே பதிவாளரிடம் மூன்று மாத அறிவிப்புக் கொடுத்துக் காத்திருந்தோம். அப்பா போன் பண்ணி, “தீர்ப்பு சரியா வரலியாமா. சாப்டியா?” என்றார். இங்கே பதிந்த அந்தக் காகிதத்துக்கு நம் நாட்டில் மதிப்பில்லை. ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மற்றவர் கையெழுத்துச் செல்லாது. அது இன்றும் எனக்கு வலிக்கிறது, இங்கே மறைக்க விரும்பவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொன்னபோது தங்கை அதை எனக்கு அனுப்பி, “பத்திரிகைல ரெண்டு பேரு போடப் போறேன்” என்று எழுதினாள்.

அவள் மாமியார் வீட்டில் அது சுலபமாக நடக்கவில்லை. அவன் மடியில் குழந்தையை உட்கார வைக்க வேண்டுமா, பங்காளி வகையில் வேறு மாமன் இல்லையா என்று பெரியவர்கள் கேட்டார்கள். “எனக்குக் கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன். அவன் மடி இல்லீன்னா எம்புள்ளைக்குக் காதே குத்த வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். நான்காவது நாள் மாமியாரே வந்து கூட்டிப்போனார். அத்தை, நீங்கள் வந்த அந்த ஆட்டோவுக்கும் என் நன்றி.

கோயிலில் என் துணைவர் சீர்த்தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் நடந்தார். ஒற்றப்பாலத்துக்காரருக்குப் பழக்கமில்லை, வெல்லம் இருந்த தட்டு சாய்ந்து சாய்ந்து வந்தது. கூட்டத்தில் ஒரு பெரியம்மா, “நிமுத்திப் புடிங்க சாமி” என்று அவர் முழங்கையைத் தாங்கினார். என் துணைவரின் அம்மா இன்னும் எங்களிடம் பேசவில்லை. அந்தக் கை அன்று அவருக்கு என்னவாக இருந்தது என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன்.

ஆசாரி தங்கக் கம்பியை வைத்துக்கொண்டு, “மாமன் உக்காருங்க” என்றார். நான் நின்றேன். கால் நகரவில்லை. தங்கை வீட்டுக்காரர் என் தோளை அழுத்தி, “உக்காருங்க மச்சான்” என்றார். மடியில் வைத்ததும் அவள் என் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மொட்டைத் தலையில் சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. இடது காது குத்தும்போது வீறிட்டாள். வலது காதுக்கு என் துணைவர் கொடுத்த பொட்டுக்கடலைச் சர்க்கரை வாயில் இருந்ததால் அழவா தின்னவா என்று பார்த்தாள். எதிரில் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

வராதவர்களும் சிலர் உண்டு. உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. தங்கைக்கு அடுத்தது பிறக்கப்போகிறது. பத்திரிகை வரும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பிள்ளை,
வேலந்தாவளம்.