அஞ்சலி போஸ்டரைத்தான் ஊர் நின்று படிக்கும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மலக்குழியைச் சுத்தம் செய்ய இறங்குகிறவர்கள் உள்ளேயே செத்துப்போகிறார்களே, அந்த மலக்குழி மரணங்களைப் பற்றி நீ செய்த போஸ்டரை வாட்ஸ்அப்பில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். குழிக்குள்ளிருந்து நீளும் ஒரு கை, பக்கத்தில் மெழுகுவர்த்தி, பின்னால் மூவர்ணம், மூலையில் காந்தி கண்ணாடி, அதற்கும் கீழே நாலு வரிக் கவிதை. கை நன்றாக வந்திருக்கிறது. மற்றதெல்லாம் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே, முப்பது வருஷமாக அச்சாபீஸில் டிசைன் போடுகிற சித்தப்பா சொல்கிறேன்.

ஜப்பானில் ஷிகெயோ ஃபுகுடா என்று ஒரு டிசைனர் இருந்தார். இரண்டாம் உலகப்போர் முடிந்து 30 ஆண்டு ஆனதையொட்டி 1975-ல் அவர் செய்த 'விக்டரி 1945' போஸ்டரைத் தேடிப் பார். மஞ்சள் பின்னணியில் கறுப்பாக ஒரு பீரங்கிக் குழல், ஒரு குண்டு. குண்டின் முனை மட்டும் குழலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். எங்கள் பிரஸ்ஸில் என்றால் கலருக்கு ஒன்றாக இரண்டே பிளேட்டில் முடிந்துவிடும்.

நியூயார்க்கின் கொரில்லா கேர்ள்ஸ் வேறு ரகம். முகமூடி போட்ட பெண் கலைஞர்களின் குழு அது. மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குள் போய் உட்கார்ந்து எண்ணினார்கள். நவீன கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் நிர்வாண ஓவியங்களில் 85 சதவீதம் பெண்கள். ஆடையில்லாமல் இருந்தால்தான் பெண்ணுக்கு உள்ளே இடமா என்ற கேள்வியும் இந்த எண்களும்தான் 1989-ல் போஸ்டர் ஆயின. விளம்பரப் பலகைக்கென்று கேட்டவர்கள் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். இவர்கள் பஸ்ஸில் விளம்பர இடம் வாடகைக்குப் பிடித்துவிட்டார்கள்.

உன் போஸ்டரில் எண்ணே இல்லை. இருக்கிற எண்ணைப் பார். மலத்தைக் கையால் அள்ளுகிற இந்த வேலைக்கு ஆளை வைக்கக் கூடாது என்று 2013-ல் சட்டம் வந்தது. குழிக்குள் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அது 30 லட்சம் ஆனது. நடக்கவே கூடாத சாவுக்கு விலை மட்டும் ஏறியிருக்கிறது. இந்த எண்களுக்குப் பக்கத்தில் உன் கவிதை தேவையா?

இனி நம் ஊர்ச் சுவருக்கு வருகிறேன். ஒருமுறை அஞ்சலி போஸ்டர் ஒன்றில் 'தோற்றம்', 'மறைவு' தேதிகளை மாற்றிப் போட்டுவிட்டேன். ஒட்டின ஒரு மணி நேரத்துக்குள் டீக்கடையிலிருந்து போன், அப்புறம் சைக்கிள் கடையிலிருந்து. யாரென்றே தெரியாதவர்கள்கூட நின்று தேதி பார்த்திருக்கிறார்கள்! கட்சி போஸ்டரை யார் அப்படிப் படிக்கிறார்கள்?

அதனால் அந்த அச்சிலேயே செய். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. முகம் வைக்கிற வட்டத்தில் பாதாளச் சாக்கடை மூடி, அதற்கு ஒரு மாலை. 'தோற்றம்' என்று போட்டு வெறுமனே விடு, குழிக்குள் செத்தவர் எப்போது பிறந்தார் என்று நமக்கு யாருக்கும் தெரியாது. 'மறைவு' இருக்குமிடத்தில், தடைச் சட்டம் வந்த பிறகு என்று போடு. அடியில் மாமன், மச்சான், நண்பர்கள் என்று பெயர் அடுக்குவோமே, அங்கே ஒரே வரி: 'இப்படிக்கு, இந்தக் குடியிருப்பில் கழிவறை உபயோகிப்போர்'. கறுப்பு ஒரே கலர், 20-க்கு 30 அங்குலம், டபுள் கிரவுன் தாள். கல்லூரிக் கண்காட்சியில் மாட்டாதே, அடுக்குமாடி வாசல்களில் ஒட்டு. சுவர்க்காரரிடம் முதலில் கேட்டுக்கொள். வேண்டாம் என்றால் அவர் என்ன காரணம் சொல்கிறார் என்று எழுதி வை.

மூடியை மட்டும் நீயே நேரில் பார்த்து வரை, நெட்டில் எடுக்காதே. தெருவுக்குத் தெரு மூடியின் வரி வேறு. பசை நான் காய்ச்சித் தருகிறேன். மைதாவில் கொஞ்சம் மயில்துத்தம் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் விடிவதற்குள் மாடு கிழித்துத் தின்றுவிடும்.

அன்புடன்,
சித்தப்பா