முழங்கைப் படையும் உன் ஸ்டென்ட்டும்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. அடைத்த இதயக் குழாயைத் திறந்துவைக்க ஸ்டென்ட் வைத்துப் பத்து நாள் ஆகவில்லை, அதற்குள் மாடிப்படி ஏறிப் பார்த்தாயாமே! படித்ததும் கோபம்தான் வந்தது.

உன் ரிப்போர்ட்டில் 'பிளேக்' (plaque) என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, என் முழங்கையில் இருக்கும் சொரியாசிஸ் படைதான் உனக்கும் தொற்றியதோ என்று தங்கச்சி பயந்தாளாம். அவளிடம் சொல், என் தோலில் தடித்திருப்பதையும் உன் குழாயில் படிந்ததையும் டாக்டர்கள் பிளேக் என்பார்கள், பெயர்தான் ஒன்று. சொரியாசிஸ் யாருக்கும் ஒட்டாது. தோலின் செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஒரு மாதம் ஆகும். எனக்கு நாலைந்து நாளிலேயே வந்து குவிந்துவிடுகிறது. காலையில் போர்வையை உதறினால் தவிடு மாதிரி கொட்டும்.

உன் இதயக் குழாயில் இருந்தது கொழுப்பும், அதை விழுங்கிவிட்டு அங்கேயே செத்துக் கிடக்கும் வெள்ளையணுக்களும். மேலே ஒரு மெல்லிய மூடி. அது கிழிந்தால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை ஒரு நாளும் நீயாக நிறுத்தாதே. 58 வயதில் எனக்கு ஏன் என்று கேட்டிருக்கிறாய். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இதயத்தை அறுத்துப் பார்த்த கணக்கு 1953-இல் வந்தது. சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேருக்கு நோய் தொடங்கியிருந்தது. நீயும் நானும் ஹாஸ்டலை விட்டுக் கிளம்பிய வயது, சுந்தரம்.

ஆனால் தங்கச்சி பயந்ததில் ஒரு உண்மையும் இருக்கிறது. தோலைத் தடிக்கவைக்கும் அழற்சி தோலோடு நிற்பதில்லை. சொரியாசிஸ் கடுமையாக உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பும் கூடுதல். பதினாறு வருஷம் களிம்பு தடவிய எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. உன் செய்தி வந்த பிறகுதான் கொலஸ்ட்ரால் பார்த்தேன். கெட்ட கொழுப்பு என்கிறார்களே, அந்த எல்டிஎல் 168. மாத்திரை ஆரம்பித்தாயிற்று.

அம்மாவைக் கேட்டிருந்தாய். அவள் மறதி நோயிலும் ஒரு பிளேக் உண்டு; மூளையில் படியும் அது அமிலாய்ட் என்ற புரதம். 1906-இல் அல்சைமர் என்ற டாக்டர் மைக்ராஸ்கோப்பில் கண்ட படிவு அதுதான், இறந்துபோன அகஸ்டே என்ற பெண்ணின் மூளையில். அவள் உயிரோடிருந்தபோது அவர் எழுதிவைத்த குறிப்பைப் படித்தேன். காலிஃபிளவரும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு, கீரை என்றாளாம். அம்மா நேற்று கத்திரிக்காய்க் குழம்பைப் பிசைந்துகொண்டே பாயசம் என்றாள்.

என் பெயர் அவளுக்கு வருவதில்லை. ஆனால் சாயங்காலம் முழங்கையைப் பார்த்ததும் "எங்கடா விழுந்தே?" என்று கேட்டு, தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொல்லி, செதில்மேல் விரலால் மெல்லத் தடவிவிடுகிறாள். தினமும் கேட்கிறாள். சைக்கிளிலிருந்து என்று நானும் தினமும் சொல்கிறேன்.

அன்புடன்,
ராமு