‘அந்தக் கலருக்கு அப்படித்தான் வரும் மேடம்’: 18 அங்குல ரிங் லைட் குறித்துப் புகார்

அனுப்புநர்:
அழகு நிலைய உரிமையாளர்,
கோபிசெட்டிபாளையம், ஈரோடு மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி அவர்கள்.

பொருள்: ரிங் லைட்டில் எடுக்கும் படங்களில் கோடு விழுவது, சிவப்பு நிறம் செத்துப்போவது, பணத்தைத் திருப்பித் தரக் கோருவது.

ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் நான் அனுப்பிய மின்னஞ்சல்களை உங்கள் அலுவலகத்தில் யாராவது படித்தார்களா என்று தெரியவில்லை. படித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. போனில் பேசிப் பேசித் தொண்டை வற்றிவிட்டது. இனி எல்லாம் எழுத்தில்தான். இதன் நகல் ஒன்று ஸ்பீடு போஸ்டில் வருகிறது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் 18 அங்குல ரிங் லைட்டை, மடக்கு ஸ்டாண்டும் ரிமோட்டும் சேர்ந்த செட்டாக, ரூ. 6,850 கொடுத்து வாங்கினேன். பில்லும் வாரண்டி அட்டையும் கேட்ட போதெல்லாம் அனுப்பியாகிவிட்டது. தயவுசெய்து எந்த மாடல் என்று மறுபடியும் கேட்க வேண்டாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் குமிழ் பின்பக்கம் இருக்கிறதே, அதுதான். செய்தவர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

குறை இரண்டு. முதலாவது, வெளிச்சத்தைக் குறைத்தால் படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக விழுகிறது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ‘ஃப்ளிக்கர் ஃப்ரீ’, அதாவது மினுக்கல் இல்லாதது, என்று போட்டிருக்கிறீர்கள். என் போனில் புரோ மோடுக்குப் போய் ஷட்டர் வேகத்தை 1/50, 1/100 நொடி என்று வைத்து எடுத்துப் பார்த்தேன். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரிகிற விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும், ஷட்டரை அதற்கு ஒத்தாற்போல் வைத்தால் கோடு மறைந்துவிடும். என் பார்லரில் இருக்கிற பழைய டியூப்லைட்டில் மறைகிறது. உங்கள் லைட்டில் மறையவில்லை. குமிழை முழுசாகத் திருகினால் கோடு இல்லை, பாதிக்கு இறக்கினால் வந்துவிடுகிறது. அப்படியென்றால் உங்கள் டிம்மர் விளக்கைப் படுவேகமாக அணைத்து அணைத்துப் போட்டுத்தான் வெளிச்சம் குறைந்த மாதிரி காட்டுகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. வரி வரியாகப் படம் பிடிக்கிற போன் சென்சாருக்குத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க நான் இஞ்சினியருக்குப் படிக்கவில்லை, பன்னிரண்டாவதோடு அழகுக்கலை டிப்ளமாதான்.

இதைச் சொல்லிப் படங்களையும் அனுப்பினேன். உங்கள் ஆள் ஒருவர் கூப்பிட்டு, “மேடம், பின்னாடி ஜமுக்காளம் தொங்குது பாருங்க, அதோட கோடுதான் அது” என்றார். பின்னால் தொங்கியது பவானி ஜமுக்காளம்தான், அதில் பட்டை இருப்பது உலகத்துக்கே தெரியும். ஜமுக்காளத்துக் கோடு மணப்பெண்ணின் கன்னத்தில் ஏறி மூக்கைத் தாண்டி அந்தப் பக்கம் போகுமா? கேட்டதற்கு, “டீமுக்கு எஸ்கலேட் பண்றேன்” என்றார். எந்த டீம், எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது. சாயங்காலமே ‘உங்கள் குறை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள்’ என்று குறுஞ்செய்தி மட்டும் வந்தது.

முழு வெளிச்சத்திலேயே எடுங்கள் என்று இன்னொருவர் யோசனை சொன்னார். சரி, அதையும் செய்தேன். நெற்றியில் எண்ணெய் வழிகிறது, மூக்குத்தி வெறும் வெள்ளைப் புள்ளி, கூறைப்புடவை ஜரிகை இருந்த இடமே தெரியவில்லை. டிம்மர் குமிழைத் தொடாமல்தான் படம் எடுக்க வேண்டும் என்றால் அந்தக் குமிழ் எதற்கு?

இனி உங்கள் சேவைப் பிரிவிலிருந்து பேசிய இன்னொரு நபரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. ‘அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறீர்களே, எடுத்துக் கேளுங்கள். முகம் பச்சை படிந்தாற்போல் வருகிறது என்று நான் சொன்னதற்கு அவர் சொன்ன பதில்: “லைட் நல்லாத்தான் இருக்கு மேடம். பொண்ணு கொஞ்சம் கறுப்பு இல்லீங்களா? அந்தக் கலருக்கு அப்படித்தான் வரும்.” நான் ஒரு நிமிஷம் பேசவில்லை. நான் பேசாததை அவர் என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, சிரித்துக்கொண்டே, “உங்க புரொஃபைல் போட்டோவும் பார்த்தேன், நீங்களும் அதே கலர்தானே” என்றார்.

பொறுப்பான அதிகாரி என்று நம்பிக் கேட்கிறேன், ஒரு விளக்குக் கம்பெனிக்காரர் பேசுகிற பேச்சா இது? இந்தச் சீமையில் முக்கால்வாசிப் பேர் மாநிறமும் கறுப்பும்தான். கடலைக்காட்டிலும் மஞ்சக்காட்டிலும் வெயிலில் நின்றவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்களுக்குத்தான் நான் மேக்கப் போடுகிறேன், எந்த லிப்ஸ்டிக் எந்த நிறத்துக்கு எடுக்கும் என்று படம் எடுத்துக் காட்டுகிறேன். வெள்ளைத் தோலுக்கு மட்டும்தான் இந்த லைட் என்றால் அதைப் பெட்டியில் போட்டு விற்றிருக்க வேண்டும். நான் வாங்கியிருக்கவே மாட்டேன்.

இரண்டாவது குறையும் இதில்தான் இருக்கிறது, கோபத்தில் தள்ளிப்போய்விட்டது. சிவப்பு. என் முன்கையின் உள்பக்கத்தில் அரக்கு, ரத்தச் சிவப்பு, செங்கல் என்று மூன்று லிப்ஸ்டிக்கைக் கோடாக இழுத்தேன். காலை பத்து மணிக்கு என் கடை வடக்கு ஜன்னல் ஓரம் ஒரு படம், கடைக் கதவு ஷட்டரை இழுத்துவிட்டு உங்கள் லைட்டில் ஒரு படம். ஜன்னல் படத்தில் மூன்றும் மூன்று நிறம். உங்கள் லைட்டில் மூன்றும் ஒரே பழுப்பு. ஓரத்தில் கொஞ்சம் அழுத்தம் கூடக்குறைய இருப்பதை வைத்துத்தான் எது எது என்று நானே கண்டுபிடித்தேன், இழுத்தவள் நான். இரண்டு படமும் இணைத்திருக்கிறேன். சாம்பல் அட்டை வைத்து, வெள்ளையை வெள்ளையாகக் காட்டுகிற ஒயிட் பேலன்ஸைப் போனில் சரிசெய்தால் பச்சை போகிறது, சிவப்பு திரும்பி வரவில்லை. விளக்கிலேயே இல்லாத நிறத்தைப் போன் எங்கிருந்து கொண்டுவரும்?

பெட்டியில் ‘சி.ஆர்.ஐ 95+’ என்று போட்டிருக்கிறீர்கள். விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு எட்டு வெளிர் நிறங்களை வைத்துப் போடும் சராசரி அது. அழுத்தமான சிவப்பு அந்தக் கணக்கிலேயே வராது, அதை ஆர்9 என்று தனியாக அளப்பார்கள். முகமும் உதடும் குங்குமமும் சரியாக வர அதுதான் முக்கியம். உங்கள் லைட்டுக்கு ஆர்9 எவ்வளவு என்று கேட்டேன். “ஆர்9 மாடல் நம்மகிட்ட இல்லீங்க மேடம், ஆர்7 ஸ்டாக் இருக்கு” என்று பதில் வந்தது. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. பதில் சொன்ன பையன் மீது எனக்குக் கோபமில்லை, மரியாதையாகத்தான் பேசினான். அவனுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் போனைக் கையில் கொடுத்து உட்கார வைத்த உங்கள் மீதுதான்.

ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் ஒரு அறிவுரை வந்தது. எங்கள் பக்கம் முகூர்த்தம் பெரும்பாலும் விடிகாலையில். பொண்ணுக்கு மேக்கப் ராத்திரி இரண்டு மூன்று மணிக்கே மண்டபத்து அறையில் ஆரம்பித்துவிடும். கல்யாணச் சடங்கை நடத்துகிற அருமைக்காரர் வந்து சீர் ஆரம்பிப்பதற்குள் அலங்காரம் முடிந்து படமும் எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் எந்த ஜன்னலில் வெளிச்சம்? அதற்குத்தானே உங்கள் லைட்டை வாங்கினேன்.

கோயம்புத்தூருக்கு அலைந்ததையும் எழுதிவிடுகிறேன். லைட்டை நேரில் கொண்டுவந்தால்தான் பார்ப்போம் என்றீர்கள். பெட்டி எவ்வளவு பெரிது என்று உங்களுக்குத் தெரியும். நம்பியூர், சேவூர், அவிநாசி என்று பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டர் கேட்ட லக்கேஜ் டிக்கெட்டும் எடுத்து, காந்திபுரத்தில் இறங்கி, நீங்கள் கொடுத்த முகவரிக்குப் போனால், “இங்க ஃபேன், மிக்ஸி மட்டுந்தாங்க. லைட்டுக்குத் திருப்பூர் போகணும்” என்கிறார்கள். வேலை முடிந்தால் போதும் என்று அங்கேயிருந்து திருப்பூர். அந்த முகவரியில் ஒரு மொபைல் கவர் கடை. கடைக்காரர் என்னையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, “அந்தக் கம்பெனிய நாங்க உட்டுப்போட்டு ரொம்ப நாளாச்சுங்க்கா, இன்னுமா எங்க அட்ரஸக் குடுக்கறாங்க?” என்றார். உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். இந்த லைட்டை வாங்கியதிலிருந்து என்னை மனுஷியாக மதித்தவர் அவர் ஒருவர்தான், அவரும் உங்கள் ஆள் இல்லை. இதைப் படிக்கிற நாளிலும் உங்கள் இணையதளத்தில் திருப்பூர் முகவரி அதேதான் இருக்கும், பாருங்கள்.

நஷ்டக் கணக்குக்கு வருகிறேன். தை, மாசி முகூர்த்தம் மொத்தமும் போயிற்று. ஒரு கல்யாணப் படம் நன்றாக வந்தால் அந்த மண்டபத்தில் பார்த்தவர்கள், அவர்களுடைய பங்காளிகள், மாமன் மச்சான் வீடு என்று அடுத்த சீசன் வரை வேலை வரும். உங்கள் லைட்டில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு ஒரு பொண்ணின் அம்மா, “ஏனுங் அம்மிணி, புள்ள காமாலை வந்தவளாட்ட இருக்கறாளுங்களே” என்று கேட்டார். அந்தப் பேச்சு ஒரு வாய் விட்டு ஒரு வாய் போய், வரவேண்டிய ஆட்கள் ஈரோட்டுக்கும் சத்தியமங்கலத்துக்கும் போய்விட்டார்கள். இரண்டு லட்சம் என்று நான் போடுவது மிகக் குறைவு. பல வருஷமாகச் சேர்த்த பெயருக்கு விலை போட்டால் உங்கள் கம்பெனியையே விற்றாலும் காணாது.

கடைசியாகப் பேசிய மேற்பார்வையாளர், “பார்லருக்கு வாங்கினது கமர்ஷியல் யூஸ், வாரண்டியும் கிடையாது, கன்ஸ்யூமர் கோர்ட்டும் போக முடியாது” என்று பயமுறுத்தினார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ஐ அவர் ஒரு தடவை எடுத்துப் படிக்கட்டும். சொந்தமாகத் தொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. என் கடையில் நான் ஒருத்தி, ஒத்தாசைக்கு என் நாத்தனார் மகள். நான் குடியிருக்கிற ஈரோடு மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கிற ஊருக்கு வரவேண்டியதில்லை. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் கிடையாது. பெட்டியில் போட்ட ‘ஃப்ளிக்கர் ஃப்ரீ’ பொய் என்று ஆனால் அது தவறான விளம்பரம். அதற்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவையே 10 லட்சம் வரை அபராதம் போடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் ஏற்கெனவே பதிவாகிவிட்டது.

மிரட்டுவதற்காக எழுதவில்லை. எனக்கும் கோர்ட்டுக்கு அலைய நேரமில்லை, வைகாசி முகூர்த்தம் முன்னால் நிற்கிறது. நியாயமாக முடித்துக்கொள்ளலாம் என்றுதான் இவ்வளவு எழுதினேன்.

எனக்கு வேண்டியது இதுதான். கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் ரூ. 6,850 முழுவதும் என் வங்கிக் கணக்குக்கு வரவேண்டும். மாற்று லைட் வேண்டாம், அதே சரக்குதான் வரும். கோவைக்கும் திருப்பூருக்கும் அலைந்த பஸ் செலவு, லக்கேஜ் டிக்கெட் உட்பட, தனியாகத் தரவேண்டும். டிக்கெட்டுகளின் படம் இணைப்பில் இருக்கிறது. அப்புறம் அந்த நபர். அவரை வேலையை விட்டு அனுப்பச் சொல்லவில்லை, யார் பிழைப்பிலும் நான் கை வைப்பதில்லை. ஆனால் அவர் சொன்னது தவறு என்று கம்பெனி லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். பணம் வந்து கம்பெனியின் அந்தக் கடிதம் வரவில்லை என்றாலும் நான் ஈரோடு கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன். அந்தப் பொண்ணுக்கும் அவள் அம்மாவுக்கும் அதைக் காட்டவேண்டும்.

லைட்டைத் திரும்ப எடுக்க ஆள் அனுப்பினால் பகல் 11 மணிக்கு மேல் அனுப்பவும், முகூர்த்த நாளென்றால் அதற்கு முன் கடை பூட்டியிருக்கும். பழைய பெட்டியிலேயே கட்டி வைத்திருக்கிறேன். ரிமோட்டும், அந்தச் சின்ன வெள்ளை கனெக்டரும் உள்ளேதான் இருக்கின்றன, பிறகு காணவில்லை என்று சொல்லக் கூடாது. வருகிறவர் கையெழுத்துப் போட்ட ரசீது தராமல் பெட்டி வாசலைத் தாண்டாது.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்,
கோபிசெட்டிபாளையம்.